கடைசி எதிரியின் தோள்துண்டு

அத்தியாயம் 14

"விழுந்தான்டி!" என்று திலகவதி போட்ட கத்தலில் அடுத்த வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

இது நாற்பத்து மூன்றாவது முறை. காலை பத்து மணி. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்க, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த அம்மாள் தன் கொழுந்தனாரைக் கொன்று முடித்திருந்தாள்.

டி.வி. திரையில் எல்லைக்கோன் முகம் குப்புறச் சேற்றில் கிடந்தான். அவனுடைய தலைப்பாகை தனியாக உருண்டு போயிற்று.

இந்தக் குடும்பத்தோடு பதின்மூன்று வாரமாக வந்துகொண்டிருப்பவர்களுக்கு எல்லைக்கோன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போதுதான் உள்ளே நுழைகிறவர்கள் கொஞ்சம் உட்காருங்கள், சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டை மச்சுவாடியில் குடியிருக்கும் நாகராசு, பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் அறந்தாங்கியைத் தாண்டி இருக்கும் வேம்பங்கரை. அங்கே அய்யனாருக்கு ஆண்டுதோறும் புரவி எடுப்பு நடக்கும்; மண் குதிரைகளைச் சுமந்துபோய்க் கோயிலில் நிறுத்தும் திருவிழா. மண் குதிரைகள் செய்வதற்கு முன்னால், கோயில் தரையிலிருந்து ஒரு பிடி மண் அள்ளி, குதிரை செய்யும் குயவரான வேளார் கையில் கொடுக்க வேண்டும். அது பிடிமண். அதைக் கொடுக்கும் உரிமை நாகராசு குடும்பத்தில் மூத்தவருக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாகராசு சாமியைக் கும்பிட்டு மண்ணை அள்ளினார். வேளார் பக்கம் திரும்பினார். அப்போது அவருடைய தம்பி குணசேகரன் தோள்துண்டை எடுத்துப் பிடரியை ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு, ஊர் மொத்தமும் கேட்கச் சொன்னார்.

"ஆம்பளப் புள்ள இல்லாத கையி. அந்தக் கையால குடுத்தா குதிர நிக்காது. நகருங்கண்ணே."

அண்ணனை ஒதுக்கிவிட்டு, தானே குனிந்து இன்னொரு பிடி அள்ளிக் கொடுத்தார். ஊரில் ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. நாகராசு கையை மூடிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து கிலோமீட்டரும் மூடிய கையோடு நின்றுகொண்டே வந்தார். டிக்கெட்டுக்கான சில்லறையைக் கண்டக்டரே அவருடைய சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வேம்பங்கரைக்குப் போகவில்லை.

அவருடைய ஒரே மகள் இசைவாணிக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில் வீடியோ கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு இங்கே வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவர்கள் செய்துகொண்டிருக்கும் விளையாட்டுக்குப் பெயர் 'ஏழு எல்லை'. வேம்பி என்ற பெண் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, ஏழு எல்லைகளைத் தாண்டி, தன்னை விரட்டியவனை எதிர்த்து நிற்கும் கதை. அந்த விரட்டியவன்தான் எல்லைக்கோன், கடைசி எதிரி. அவனை வடிவமைக்கும் பொறுப்பு இசைவாணிக்கு வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. சித்தப்பாவின் தொந்தி, சித்தப்பாவின் நடை, சித்தப்பாவின் சிரிப்பு, தோளில் அதே துண்டு. லட்சம் பேர் கையால் சாகட்டும் என்று நினைத்தாள். சம்பளம் வாங்கிக்கொண்டே பழிவாங்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்காது.

"துண்ட எடுத்தான்டி. எடுத்த ஒடனே நான் அங்கிட்டு உருண்டுட்டேன். அப்புறம் என்ன, மூணே வெட்டு" என்றாள் திலகவதி.

பெரிய எதிரி எவனாக இருந்தாலும் அடிப்பதற்கு முன்னால் ஓர் அடையாளம் காட்ட வேண்டும். அது இந்தத் தொழிலின் நியாயம். காட்டாமல் அடித்தால் ஆடுகிறவர் எரிச்சலில் எழுந்து போய்விடுவார். எல்லைக்கோன் தோள்துண்டை எடுத்துப் பிடரியை வலமிருந்து இடமாக ஒருமுறை துடைப்பான். அடுத்த நொடி அடி விழும். இடப்பக்கம் உருண்டால் தப்பிக்கலாம்.

"ம்மா, சாம்பாரு."

"கெடக்கு. இன்னொரு தடவ போடு."

"இன்னும் எத்தன தடவம்மா?"

"ஒங்கப்பா கைய மூடிக்கிட்டு நின்னு வந்தது நாப்பத்தஞ்சு கிலோமீட்டரு. கிலோமீட்டருக்கு ஒரு தடவ. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

இசைவாணி பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அவளுடைய அணித் தலைவர் கார்முகில்.

"இசை, ரிப்போர்ட் பாத்தியா?"

"பாத்தேன்."

"நாப்பது பேர் கடைசி வரைக்கும் ஆடிப் பாத்திருக்காங்க. அதுல முப்பத்தொரு பேர் ஒரே விஷயத்தத்தான் எழுதியிருக்காங்க. ஜெயிச்சோம், ஆனா ஜெயிச்ச மாதிரியே இல்லன்னு."

"அவன் செத்துட்டான்ல? வேற என்ன வேணுமாம்?"

"அதான் பிரச்சனையே. நீ அவனச் சாகடிக்கிற. ஆடுறவங்கள ஜெயிக்க விட மாட்டேங்கிற. முப்பது மணி நேரமா ஆறு எல்லை தாண்டி வந்திருக்காங்க. வழியில கத்துக்கிட்டது, சேத்து வச்சது எதுவுமே அவன்கிட்ட தேவைப்படல. துண்டப் பாத்து உருளணும், வெட்டணும், அவ்வளவுதான். அப்புறம் பதினோரு விதமா விழறான். சேத்துல விழறான், முள்ளுல விழறான், சாணியில விழறான்."

"சாணிய எடுத்துடறேன்."

"சாணி இல்ல இசை பிரச்சனை!" கார்முகில் மூச்சு வாங்கினார். "அவன் எதுக்குச் சாகறோம்னே தெரியாமச் சாகறான். வேம்பிக்கு அவன் பண்ணது அப்படியேதான் கெடக்கு. அத யாரும் சரி பண்ணல. செத்த மாதிரி கெடந்துட்டு ரெண்டாவது உருவம் எடுத்து எந்திரிக்கிற மாதிரி ஏதாவது யோசிச்சியா?"

"சித்தப்… எல்லைக்கோனுக்கு அவ்வளவு மூளை கெடையாது."

"யாருக்கு?"

"ஒண்ணுமில்ல. சொல்லுங்க."

"அஞ்சரை மணிக்குக் கதையோட முடிவ உறுதி பண்ணிப் பூட்டறோம். அதுக்குள்ள ஒரு நல்ல முடிவு வரலன்னா எல்லைக்கோன நம்ம டீம் செம்மல்கிட்ட குடுத்துடுவேன். அவன் முகத்துலேர்ந்து எல்லாத்தையும் மாத்திடுவான். அப்புறம் அந்த மண்ணு."

"எந்த மண்ணு?"

"முதல் எல்லையில வேம்பி ஊரவிட்டுப் போறப்ப ஒரு பிடி மண் அள்ளிக்கிறாளே, அது. கீழ போடவும் முடியல, எதுக்கும் ஒதவவும் இல்ல. கடைசி வரைக்கும் பையில எடத்த அடைச்சுக்கிட்டே வருது. எல்லாரும் திட்டறாங்க. எடுத்துடு."

போனை வைத்துவிட்டு இசைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பயந்தது வேலைக்காக இல்லை. முகத்தை மாற்றிவிட்டால் சித்தப்பா தப்பித்துவிடுவார். மூன்று வருஷமாக ஊதி ஊதி வைத்திருந்த நெருப்பை எவனோ செம்மல் வந்து தண்ணீர் ஊற்றி அணைப்பதா?

அந்த நேரத்தில்தான் நாகராசு உழவர் சந்தையிலிருந்து கீரைக்கட்டோடு வந்தார். ஹாலைக் கடக்கும்போது டி.வி.யைப் பார்க்கவில்லை. திரையில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும். அதனால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் எப்போதும் கடப்பார். கடிகாரம் பார்த்தே முப்பது வருஷம் சம்பளம் வாங்கிய மனுஷன் என்பதால் யாரும் அதை வித்தியாசமாக நினைத்ததில்லை.

"குணா போன் பண்ணுனான். மத்தியானம் இங்கிட்டு வாரானாம்" என்றார்.

திலகவதி கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"எதுக்கு?"

"மண்ணு கேட்டு."

விஷயம் இதுதான். சாமி முன்னால் அள்ளிய மண்ணைத் திருப்பிக் கீழே போடக்கூடாது. அது வேளார் கைக்குத்தான் போக வேண்டும். அது போகாமல் இரண்டாவது பிடி அள்ளுவது வேம்பங்கரையில் வழக்கமே இல்லை. அண்ணனை அவமானப்படுத்தும் அவசரத்தில், அண்ணன் கையில் ஏற்கெனவே மண் இருந்ததைக் குணசேகரன் மறந்துவிட்டார். வேடிக்கை பார்த்த ஊரும் மறந்துவிட்டது. முதல் இரண்டு வருஷமும் பெரிய குதிரைக்குச் சூளையிலேயே முன்னங்கால் வெடித்தது. போன வருஷம் தோளில் தூக்கிக்கொண்டு பாதி வழி வருகையில் கழுத்து முறிந்து விழுந்தது. இந்த வருஷம் கண்ணுசாமி வேளார் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மொத மண்ணு இன்னும் ஒருத்தர் கையிலதான் இருக்கு, அது வரட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

அந்த மண் இந்த வீட்டில்தான் இருக்கிறது. பீரோவில், நாகராசுவின் வேட்டிகளுக்கு அடியில், ஒரு எவர்சில்வர் சம்படத்தில்.

"வந்து வாங்கிட்டுப் போகட்டும். திருவிழா நடக்கணும்ல" என்றார் நாகராசு.

"நல்லாருக்கே! அன்னைக்கு ஊரு வாயத் தொறந்துச்சா? ஒத்த ஆளு, ஒத்த ஆளு கேட்டானா?" திலகவதி எழுந்து நின்றாள். "வரட்டும். சாக்கடையில ஒரு பிடி அள்ளிக் குடுத்து விடறேன்."

"திலகம், சாமி காரியம்."

"அன்னைக்கும் சாமி காரியந்தான?"

நாகராசு தரையில் உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தார். இசைவாணி எழுந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"அப்பா, நீங்க அந்தாளு கையில மண்ணக் குடுத்தீங்க, நான் இந்த வீட்ல சோறு திங்க மாட்டேன்."

"அது ஒன் இஷ்டம்த்தா. சாம்பாரு அடிப்பிடிச்ச வாசம் வருது. நானும் திங்கப் போறதில்ல."

திலகவதி அடுப்படிக்கு ஓடினாள். இசைவாணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்துகிற அப்பாவாக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம். கீரை ஆய்கிற அப்பாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவருக்குச் சேர்த்தும் தானே கோபப்பட வேண்டியிருப்பதுதான் அவளுக்குப் பெரிய அலுப்பாக இருந்தது.

இரண்டரை மணிக்கு வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது.

குணசேகரன் தாம்பாளத்தோடு இறங்கினார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்புப் பழம், மேலே மடித்த வேட்டி. தோளில் துண்டு.

"அண்ணே! மதினி! நல்லாருக்கீங்களா?"

திலகவதி அவரை 'வாங்க' என்று சொல்லவில்லை. புதுக்கோட்டைச் சீமையில் இதற்கு மேல் ஒரு மனுஷனை வைய வார்த்தை கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் கொண்டுவந்து டக்கென்று வைத்தாள். வெயிலில் வந்தவருக்கு அதுவே பெரிய உபசாரமாகத் தெரிந்தது போலிருக்கிறது. மடமடவென்று குடித்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தார். நேர் எதிரே டி.வி. அதில் எல்லைக்கோன் துண்டை உயர்த்தியபடி அப்படியே உறைந்து நின்றான்.

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அணைக்க மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

"யாரு மதினி இது?"

"வில்லன்" என்றாள் திலகவதி.

"அட! நல்ல மிடுக்கா இருக்கானே."

இசைவாணி கன்ட்ரோலரை எடுத்து ஒரு பித்தானை அழுத்தினாள். எல்லைக்கோன் நடந்தான். தொந்தியை முன்னால் விட்டு, காலை அகட்டி அகட்டி வந்து நின்று, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சிரித்தான். இப்போது எரிய வேண்டும், இப்போது முகம் சுருங்க வேண்டும் என்று அவள் சித்தப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவும் சிரித்தார். திரையிலும் சோபாவிலும் ஒரே சிரிப்பு கேட்டது.

"ஏத்தா, இது நாந்தான? என்ன வச்சுத்தான செஞ்சிருக்க?"

"…ஆமா."

"பாத்தீங்களாண்ணே, புள்ளைக்குச் சித்தப்பா மேல எம்புட்டுப் பாசம்னு! எத்தன பேரு பாப்பாங்கத்தா இத?"

"லட்சம் பேரு பாக்கலாம்."

"லட்சமா! நம்ம சந்தோஷுக்கும் அனுப்பி விடு. சிங்கப்பூர்ல அவன் கூட்டாளிககிட்ட எங்கப்பான்னு காட்டட்டும்."

"கடைசியில இவன் செத்துப்போயிருவான் சித்தப்பா. கேவலப்பட்டுச் சாவான்."

"வில்லன்னா சாகத்தான செய்வான்? அவன் இல்லாட்டி கதையே நடக்காதுல்ல!"

மூன்று வருஷ உழைப்பை அந்த மனுஷர் லட்டு மாதிரி வாயில் போட்டுக்கொண்டார். இசைவாணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கார்முகில் சொன்னது சரிதான். இவரைச் சேற்றில் தள்ளினாலும் சாணியில் தள்ளினாலும் உறைக்காது. லட்சம் பேர் வெட்டினாலும், லட்சம் பேர் தன்னைப் பார்த்தார்கள் என்றுதான் கணக்கு வைப்பார். அன்று செய்தது என்ன என்பது மட்டும் அவருக்கு எட்டவே எட்டாது.

குணசேகரன் தாம்பாளத்தை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

"சரிண்ணே, விசயத்துக்கு வாரேன். வெள்ளிக்கெழம பிடிமண் குடுக்கணும்னு ஊர்ல முடிவாயிருச்சு. அந்தப் பழைய மண்ணக் குடுத்தீங்கன்னா நானே கொண்டுபோயி வேளார்ட்ட சேத்துருவேன். நீங்க அம்புட்டுத் தூரம் அலைய வேணாம், ஒடம்பு முடியாதுல்ல."

மண் மட்டும் வர வேண்டும், மண்ணைச் சுமந்தவர் வர வேண்டாம். அவமானம் போதாது என்று அதற்கு வட்டியும் கொண்டுவந்திருக்கிறார்.

நாகராசு எழுந்து அறைக்குள் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திலகவதி சுவரில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சித்தப்பா, அன்னைக்குக் கோயில்ல நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் இசைவாணி.

"அது அப்ப ஏதோ… பழச எதுக்குத்தா இப்ப?"

"என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்."

"ஞாவகம் இல்லத்தா."

"எனக்கு இருக்கு. ஆம்பளப் புள்ள இல்லாத கையின்னு சொன்னீங்க. அந்தக் கையிக்குப் புள்ள இருக்கு, நாந்தான். மண்ணு வரும் சித்தப்பா, நான் கொண்டாருவேன். அதே எடத்துல, அதே ஊரு முன்னால என் கையால குடுப்பேன். நீங்க துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, குனிஞ்சு, ரெண்டு கையவும் நீட்டி என்கிட்டருந்து வாங்கணும். வாங்கி வேளார்ட்ட குடுக்கணும்."

குணசேகரனின் சிரிப்பு முதல்முறையாக நின்றது.

"பொம்பளப் புள்ள பிடிமண்ணு குடுக்குறதா? ஊரு ஒத்துக்குமா?"

"ஒத்துக்காட்டி போகட்டும். இந்த வருசமும் குதிர நிக்காது."

"அண்ணே! என்னண்ணே இது, சின்னப் புள்ள பேச்சு?"

நாகராசு சம்படத்தோடு வெளியே வந்தார். குணசேகரன் அவசரமாக எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். நாகராசு அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு அவற்றைத் தாண்டிப் போய், சம்படத்தை மகளின் மடியில் வைத்தார்.

"எனக்குக் கை நடுங்குது. ஒன்ட்டயே இருக்கட்டும்த்தா."

அவர் கை நடுங்கவே இல்லை. ஹாலில் இருந்த நான்கு பேருக்கும் அது தெரிந்தது.

குணசேகரன் தாம்பாளத்தை எடுக்காமலே வாசலுக்குப் போனார். "ஊர்ல பேசிட்டு அஞ்சு மணிக்கு வந்து சொல்றேன்" என்றார். தெருமுனை டீக்கடைப் பக்கம் கார் போய் நின்றது. அங்கே அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பதை ஜன்னல் வழியாகத் திலகவதி பார்த்தாள்.

இசைவாணி அவரைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் வாயால் சொன்னது அவளுக்கே இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது. எல்லைக்கோனின் பதினோரு விதச் சாவையும் ஒவ்வொன்றாக அழித்தாள். சேறு போயிற்று, முள் போயிற்று, சாணியை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் மனசு கேட்கவில்லை. மண்ணை அழிக்கவில்லை. அந்த மண்ணை அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கோபத்தில் கதைக்குள் போட்டாள். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமலே இத்தனை நாள் வைத்திருந்தாள்.

நாலரை மணிக்குக் கன்ட்ரோலரை அம்மாவிடம் நீட்டினாள்.

"ஆடு."

திலகவதி வெறியோடு ஆடினாள். இந்த முறை எல்லைக்கோன் லேசில் மடியவில்லை. ஆறு எல்லைகளிலும் கற்றதெல்லாம் தேவைப்பட்டது. முதல் எல்லையில் பழகிய கவண், மூன்றாவது எல்லையில் கற்ற நீச்சல், ஐந்தாவது எல்லையில் கிடைத்த கூட்டாளி என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். அவனுடைய உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு குறைந்து குறைந்து ஒரு மயிரிழையில் வந்து நின்றது. அதற்கு மேல் குறையவில்லை. வெட்டினாள், குத்தினாள், நெருப்பை வீசினாள்.

"என்னடி, சாக மாட்டேங்கிறான்!"

"ஒன் பையில என்ன இருக்குன்னு பாரு."

"எல்லாம் தீந்துபோச்சு. இந்த ஒண்ணுக்கும் ஆகாத மண்ணுதான்…"

திலகவதி நிறுத்தினாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக அந்த மண்ணைத் தேர்ந்தெடுத்தாள்.

திரையில் வேம்பி வாளைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். எல்லைக்கோன் துண்டை எடுத்தான். திலகவதி பழக்கதோஷத்தில் இடப்பக்கம் உருண்டாள். ஆனால் அடி விழவில்லை. அவன் அந்தத் துண்டை இடுப்பில் கட்டினான். குனிந்தான். இரண்டு கையையும் நீட்டினான்.

"கொடு தாயே" என்றான்.

அவ்வளவுதான். அவன் சாகவில்லை, தலைப்பாகை உருளவில்லை. திலகவதி கத்தவும் இல்லை. கன்ட்ரோலரை மடியில் போட்டுவிட்டு, கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டு இசைவாணி திரும்பினாள். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நாகராசு நின்றுகொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ போடுத்தா" என்றார்.

அவள் அனுப்பிவைத்த புது முடிவுக்கு ஐந்து மணிக்குக் கார்முகிலிடமிருந்து செய்தி வந்தது. 'ஆறு பேரை ஆட வச்சுப் பாத்தேன். செம்மல் ஆடி முடிச்சுட்டு மறுபடியும் ஆட ஆரம்பிச்சுட்டான். அசைவெல்லாம் கரடுமுரடா இருக்கு, அத அப்புறமா சரி பண்ணிக்கலாம். பூட்டிடறேன். எல்லைக்கோன் உன்னோடதுதான். மண்ண எடுக்காத.'

அவள் அதைப் படித்து முடிப்பதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது.

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். இசைவாணியின் கையில் சம்படம் இருந்தது. குணசேகரன் உள்ளே வரவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். முகத்தில் சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

"பேசிட்டேன்த்தா. ஒன் இஷ்டப்படியே ஆகட்டும். வெள்ளிக்கெழம காலையில ஆறு மணிக்குக் கோயிலுக்கு வந்துரு. துண்ட இடுப்புல கட்டிக்கிறேன். குனிஞ்சே வாங்கிக்கிறேன். போதுமா?"

திலகவதி மகளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தப் பிடியில் மூன்று வருஷம் இருந்தது. நாகராசு கதவுநிலையைப் பற்றிக்கொண்டு நின்றார்.

இசைவாணிக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. ஊரே ஒத்துக்கொள்ளாது என்றவர் இரண்டு மணி நேரத்தில் ஊரையே ஒத்துக்கொள்ள வைத்துவிட்டாரா? இவ்வளவு பெரிய எதிரியின் கோடு இவ்வளவு சீக்கிரமாகவா குறையும்? தான் செய்யும் விளையாட்டில் இப்படி ஒன்று நடந்தால் அடுத்து வருவது எதிரியின் இரண்டாவது உருவம் என்று அவளுக்குத் தெரியும். எல்லைக்கோனுக்கு அவ்வளவு மூளை கிடையாது என்று காலையில் அவள்தான் சொன்னாள்.

"சரிங்க சித்தப்பா, வாரோம்" என்றாள்.

"வாங்க வாங்க. எல்லாரும் வாங்க."

குணசேகரன் ஒரு காலைக் காருக்குள் வைத்தார். அவருடைய பார்வை ஒரு கணம் அவள் கையிலிருந்த சம்படத்தில் நின்றது. பிறகு தோள்துண்டை எடுத்தார். பிடரியை வலமிருந்து இடமாக, ஒருமுறை துடைத்தார்.

கார் கிளம்பிப் போயிற்று.

நாற்பத்து மூன்று முறை கற்ற பாடம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே திலகவதி வாசற்படியில் இடப்பக்கம் நகர்ந்திருந்தாள். மகளையும் சேர்த்து இழுத்திருந்தாள்.

"இசை," என்றாள். "தொடச்சுட்டாருடி."